தோட்டத்துக் காய்கறியும் வீட்டு ஆமையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் உள்ளங்கை அளவுள்ள சல்காட்டா ஆமை ஒன்று இருக்கிறது. மாடித் தோட்டத்தில் வெள்ளரி, தக்காளி, கத்தரி, பூசணி, முருங்கை, செம்பருத்தி எல்லாம் உண்டு. வெள்ளரியையும் தக்காளியையும் விழுந்து விழுந்து தின்கிறது. புல்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? (வாசகி, கோவை)

பதில்: சல்காட்டா ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் புல் மேய்ந்து வாழும் இனம். அதன் குடல் நார்ச்சத்துக்காகவே அமைந்தது. பத்துப் பங்கு தீனியில் எட்டுப் பங்கு புல்லாகவும் களையிலையாகவும் இருக்க வேண்டும். நாம் செடியில் காயைப் பறித்துக்கொண்டு இலையை உரக்குழியில் போடுகிறோம். ஆமைக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த இலைதான்.

உங்கள் மாடியிலேயே நல்ல தீனி இருக்கிறது. செம்பருத்தியின் இலை, பூ இரண்டையும் தினமும் தரலாம். பூசணியில் இலையும் பூவும் நல்லவை. காயை வாரம் ஒரு துண்டு தோலோடு கொடுங்கள். மல்பெரி இலை, சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வள்ளிக்கொடியில் நான்கு கணு உள்ள துண்டை ஒரு தொட்டியில் ஊன்றினால் போதும், பறிக்கப் பறிக்கத் தழையும். சப்பாத்திக்கள்ளி மடல் கிடைத்தால் விடாதீர்கள், கால்சியம் நிறைந்தது. அடுப்புத் தீயில் முள்ளையும், முள்ளின் அடியில் இருக்கும் மெல்லிய சுணையையும் முழுக்கப் பொசுக்கிவிட்டு நறுக்கிப் போடுங்கள். சுணை மிச்சமிருந்தால் நாக்கில் குத்தும்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் புரதமும் அதிகம். வாரம் இரண்டு நாள், ஒரு சிறு கொத்து போதும். அகத்திக்கும் இதே கணக்குதான்.

வெள்ளரி கெடுதல் இல்லை, ஆனால் அது தீனியும் இல்லை. கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். இருக்கும் கொஞ்சம் தாதுவிலும் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். ஆமைக்குக் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும்; ஓடு அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். பழுத்த தக்காளியை அடியோடு நிறுத்துங்கள். அதன் சர்க்கரை குடலில் புளித்துக் கழிச்சலைக் கொண்டுவரும். வாழைப்பழம், மாம்பழம், கேரட், பீட்ரூட் எல்லாமே அப்படித்தான்.

இலைதான் உணவு என்று சொன்னேன், ஆனால் எல்லா இலையும் அல்ல. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு இவற்றின் இலையும் தண்டும் நஞ்சு. தொட்டிகளை ஆமையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பச்சையான சேப்பங்கிழங்கு இலையும் மணி பிளான்ட்டும் வாயைப் புண்ணாக்கி வீங்கவைக்கும். அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, உன்னிச்செடி இருக்கும் இடத்தில் ஆமையை மேயவே விடாதீர்கள். வெங்காயம், பூண்டும் ஆகாது.

புல்லுக்குப் பழக்குவது இப்படி: குட்டியால் நீளமான புல்லைக் கடித்து அறுக்க முடியாது. அருகம்புல்லைக் கத்தரிக்கோலால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நறுக்கி, துருவிய வெள்ளரியோடு சரிபாதியாகப் பிசறுங்கள். துண்டாக வெட்டிப் போட்டால் ஆமை வெள்ளரியைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். துருவினால் சாறு புல்லில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒருமுறை வெள்ளரியைக் குறைத்துக்கொண்டே வந்தால் மூன்று, நான்கு வாரத்தில் வெறும் புல் தின்னும். அளவு, அதன் ஓடு அளவுக்கு ஒரு குவியல். காலை வெயிலில் உடம்பு சூடான பிறகு வையுங்கள்.

கேள்வி: பாலக், சிறுகீரை கொடுத்தால் ஆமைக்குக் கல் வருமா? கோஸ் இலை தரலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாலக், தண்டுக்கீரை, சிறுகீரை, பருப்புக்கீரை, பீட்ரூட் இலை இவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தின்ற கால்சியம் உடம்பில் சேராது. பல இலைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு பிடி விழுந்தால் பயமில்லை. தினமும் அதையே போடுவதுதான் தவறு. கோஸ், காலிஃப்ளவர் இலை அயோடின் சேர்வதைத் தடுக்கும். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பீன்ஸ், பட்டாணி, பருப்பு வகைகள் வேண்டவே வேண்டாம்.

கல்லுக்குக் கீரையைவிட முக்கியமான காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை. குட்டி ஆமையைத் தினமும் தாடை வரை எட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அதிலேயே குடிக்கும், கழிக்கும். சிறுநீரோடு வரும் வெள்ளைக் கசிவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பற்பசைபோல் வழுவழுவென்று இருந்தால் நல்லது. மணல்போல் நறநறத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். குளியலைக் கூட்டியும் மாறாவிட்டால் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பார்த்த பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையிடமிருந்து சால்மோனெல்லா தொற்றும்.

கேள்வி: கால்சியம் மாத்திரை தர வேண்டுமா? கடைக் கீரை பாதுகாப்பானதா? (வாசகி, மதுரை)

பதில்: மாத்திரை தேவையில்லை. பறவைக் கூண்டில் மாட்டும் கடல்நுரை (கணவாயின் வெள்ளை ஓடு) ஒன்றைத் தரையில் போட்டுவிடுங்கள், வேண்டும்போது கடித்துக்கொள்ளும். நேரடி வெயில் இல்லாமல் எந்தக் கால்சியமும் பயன்படாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான புற ஊதாக் கதிர் வராது. வெளியே விடும்போது பாதி இடம் நிழலாக இருக்கட்டும். கடைக் கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். உங்கள் தோட்டத்தில் நத்தை மருந்து தூவினால் ஆமையை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: வயலில் கிடைத்த நட்சத்திர ஆமையை வளர்க்கிறோம். இதே தீனி போதுமா? (வாசகர், சிவகங்கை)

பதில்: தீனி பற்றிய கேள்விக்கு முன்பே, அதை வைத்திருக்கக் கூடாது. நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். 2019 முதல் பன்னாட்டு வணிகமும் தடை. பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படையுங்கள். நீங்களாகக் கொண்டுபோய் எங்காவது விடாதீர்கள்; வேறு ஆமைகளோடு இருந்திருந்தால் நோயைக் காட்டுக்குக் கொண்டுபோகும். சல்காட்டா வைத்திருப்பவர்களும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வனத்துறையினர் வரும்வரை நட்சத்திர ஆமைக்கு நிழலில் ஒரு தட்டில் தண்ணீரும், ஒரு பிடி அருகம்புல்லும் வையுங்கள். காய், பழம் எதுவும் வெட்டிப் போட வேண்டாம்.