கொடுவாவுக்கு ராடு, ரீல், நரம்பு: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காடு, கோவளம் பக்கம் தூண்டில் போடப் போவேன். அமெரிக்க பாஸ் மீன்பிடி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘பாஸ்’ என்று போட்டிருந்த 7 அடி ஹெவி ராடு ஒன்று வாங்கினேன். கொஞ்ச நாள் கழித்து 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் வாங்கினேன். 0.45 மி.மீ. நைலான் நரம்பு சுற்றியிருக்கிறேன். 12 கிராம் லூரை (செயற்கை இரையை) எவ்வளவு பலமாக வீசினாலும் பதினைந்து மீட்டரைத் தாண்டுவதில்லை. நரம்பு சுருள் சுருளாக வந்து வளையத்தில் சிக்குகிறது. நல்ல ரீலாக மாற்றினால் சரியாகுமா?

பதில்: ரீலை மாற்றாதீர்கள். உங்களிடம் இருப்பதில் சரியாக அமைந்த ஒரே பொருள் அதுதான். மாற்ற வேண்டியது ராடும் நரம்பும்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த வீடியோக்களில் வரும் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். அந்த வகையில் உலகிலேயே பெரியதாகப் பதிவானவற்றில் ஒன்று 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்டது. அதன் எடையே 10 கிலோவைச் சற்றுத் தாண்டியதுதான். நம் முகத்துவாரங்களில் இருக்கும் கொடுவாவையும் ஆங்கிலத்தில் சீபாஸ் என்கிறார்கள். ஆனால் அது வேறு குடும்பம், வேறு பலம். ஆஸ்திரேலியாவில் 2010-இல் தூண்டிலில் பிடித்த கொடுவா 44 கிலோவுக்கு மேல் இருந்தது. முட்டுக்காட்டில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோதான் என்றாலும், எந்த நாளில் எது வரும் என்று சொல்ல முடியாது. அதன் வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். செவுள் மூடியின் விளிம்பு கத்தி. இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் நரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் முதலில் ரீல், அப்புறம் அதற்கு ஒரு ராடு, மிச்சக் காசில் நரம்பு என்று வாங்குகிறார்கள். நான் சொல்வது நேர் தலைகீழ் வரிசை. என்ன மீன், அதற்கு என்ன இரை, அந்த இரை எத்தனை கிராம்? இதில் தொடங்குங்கள். கிராம் தெரிந்தால் ராடு தெரிந்துவிடும். மீனும் இடமும் தெரிந்தால் நரம்பு தெரிந்துவிடும். அந்த நரம்பு 200 மீட்டர் கொள்கிற, ராடின் எடைக்குப் பொருந்துகிற ரீல் கடைசியில் வரும்.

உங்கள் ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஹெவி ராடு என்றால் லூர் 28 முதல் 85 கிராம், நரம்பு (அறுபடாமல் தாங்கும் பலம்) 20 முதல் 50 பவுண்டு என்பது போலப் போட்டிருப்பார்கள். ராடு என்பது ஒரு வில். பின்னால் கொண்டுபோகும்போது லூரின் எடை அதை வளைக்க வேண்டும், வளைந்தது நிமிரும்போதுதான் லூர் பறக்கும். 28 கிராமுக்குச் செய்த வில்லை 12 கிராம் வளைக்காது. நீங்கள் தோள் வலிக்க வீசினாலும் அது வெறும் கம்புதான்.

இன்னொன்றும் பாருங்கள். கைப்பிடியின் அடியில் துப்பாக்கி விசை போல ஒரு கொக்கி இருக்கிறதா? வளையங்கள் எல்லாம் சின்னதாக, ராடை ஒட்டினாற்போல் இருக்கின்றனவா? இருந்தால் அது பெயிட்காஸ்டிங் ராடு. ராடின் மேல் முதுகில் உட்கார்கிற, உருளை சுழன்று நரம்பு நேராகப் போகிற ரீலுக்காகச் செய்தது. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய உருளை, சுழலாது, நரம்பு அதன் உதட்டிலிருந்து பெரிய பெரிய சுருளாக உருவிக்கொண்டு வெளியேறும். அந்தச் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்க, ஸ்பின்னிங் ராடில் முதல் வளையம் அகலமாக, உயரமாக நிற்கும். அடுத்தடுத்த வளையங்கள் சிறுத்துக்கொண்டே போகும். உங்கள் ராடில் அகலமான சுருள் போய்ச் சின்ன வளையத்தில் அடிக்கிறது. வீசும்போது படபட என்று சத்தம் கேட்டால் காரணம் அதுதான்.

அதன் மேல் 0.45 மி.மீ. நைலான். சிறிய ஸ்பூலில் அந்தத் தடிமனான நரம்பு கிடந்த வடிவத்தை மறக்காது, ஸ்பிரிங் போலவே வெளியே வரும்.

இப்போது வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். ஏழரை முதல் எட்டு அடி ஸ்பின்னிங் ராடு, மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன், அதாவது நுனிப்பக்கம் மட்டும் சட்டென்று வளைகிற வகை. லூர் 10 முதல் 35 கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஏழு அடியோடு நிற்பது, அவர்கள் பெரும்பாலும் படகிலிருந்து வீசுவதால். நீங்கள் கரையில் நிற்கிறீர்கள், அந்தக் கூடுதல் ஓரடி தூரமும் கொடுக்கும், கரைக் கல்லில் உரசாமல் நரம்பைத் தூக்கியும் பிடிக்கும். இந்த ராடில் கொடுவாவுக்குப் பயன்படும் 9 முதல் 12 செ.மீ. மின்னோக்களையும் (சிறு மீன் வடிவ லூர்கள்), 10 கிராம் ஜிக்ஹெட் (எடைத் தலை வைத்த தூண்டில் முள்) மாட்டிய ரப்பர் மீனையும் வீசலாம். உங்கள் 12 கிராம் லூர் அளவின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. சரி, அது போதும். ஆனால் இந்த ராடுக்கு நன்றாக உழைக்கிற எடை 15 முதல் 25 கிராம்.

நரம்புக்கு பிரெய்டு, அதாவது பல இழைகளைச் சேர்த்துப் பின்னிய நூல். 20 பவுண்டு அல்லது பிஇ 1.5 என்று எழுதியிருக்கும். பிஇ எண் தடிமனைக் குறிப்பது. 1.5 என்றால் ஏறக்குறைய 0.2 மி.மீ., உங்கள் நைலானின் பாதிகூட இல்லை. காற்றிலும் வளையத்திலும் உராய்வு குறைவு, அதனால் தூரம் போகும். நைலான் இழுத்தால் ரப்பர் போல நீளும், பிரெய்டு நீளாது. நாற்பது மீட்டர் தூரத்தில் லூர் ஒரு சிப்பி மேல் தட்டினாலும் விரலில் தெரியும்.

பிரெய்டை வெறும் ஸ்பூலில் சுற்றாதீர்கள். வழவழப்பான உலோகத்தில் மொத்தச் சுற்றும் வழுக்கும். மீன் இழுக்கும்போது டிராக் (பலமாக இழுத்தால் ஸ்பூலை வழுக்கவிட்டு நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) பழுது என்று தோன்றும், உண்மையில் நரம்புதான் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். தடிமன் பாதிக்கும் கீழே என்பதால், ஸ்பூலை நிரப்ப மிக நீளமான பிரெய்டு வேண்டியிருக்கும், அது வீண் செலவு. உங்களிடம் இருக்கும் பழைய நைலானையே அடியில் சுற்றி, மேலே 150 மீட்டர் பிரெய்டு போடுங்கள். ஸ்பூலின் உதட்டுக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் தூரம் குறையும், விளிம்பு வரை நிரப்பினால் கொத்தாக விழுந்து முடிச்சாகும். சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள்.

பிரெய்டின் பெரிய பலவீனம் உரசல். இழுவிசைக்கு அசையாத நூல், பாலத் தூணில் ஒட்டிய சிப்பியில் ஒரு முறை உரசினால் போச்சு. அதனால் முனையில் ஒன்றரை மீட்டர் லீடர், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்புத் துண்டு, கட்டாயம். 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் அல்லது நல்ல நைலான். ஃபுளோரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்கு அதிகம் தெரியாது, மூழ்கும், உரசலைத் தாங்கும். மிதக்கும் பாப்பர் (நீர்ப்பரப்பில் சத்தமிட்டு வரும் லூர்) போடும் நாளில் மட்டும் நைலான் லீடர் மேல், ஏனென்றால் ஃபுளோரோகார்பன் கனத்தால் லூரின் மூக்கு கீழே இறங்கும். இணைக்க எஃப்ஜி முடிச்சு சிறந்தது. பழகும்வரை இரட்டை யூனி முடிச்சு போதும்.

இனி டிராக். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொருத்தம் என்பதன் சாரமே இதில் இருக்கிறது. முடிச்சு, லீடர், நரம்பு, ராடு இவற்றில் எது முதலில் உடையுமோ, அந்த அளவுக்கு வெகுமுன்பே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். 20 பவுண்டு என்பது 9 கிலோ. அதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 2.25 கிலோவில் டிராக் வழுக்க வேண்டும். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கைத் தராசு வீட்டில் இருந்தால் நரம்பின் முனையை அதில் கட்டி, ராடைப் பாதி உயர்த்தி வளைத்து இழுங்கள். முள் 2 கிலோவைத் தொட்டுக் கொஞ்சம் தாண்டும்போது ‘கிர்ர்’ என்று நரம்பு கழன்றால் சரி.

ஆரம்பக் காலத்தில் எனக்குக் கோவளத்தில் நல்ல கொடுவா ஒன்று மாட்டியது. லூரை வாய்க்குள் உறிஞ்சும்போது மரக்கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பதற்றத்தில் டிராக்கைத் திருகி இறுக்கினேன். மீன் மேலே பாய்ந்து தலையை உதறியது, லீடர் முடிச்சு விட்டது. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் தன் கட்டைவிரலைக் காட்டினார். நரம்பு அறுத்த தழும்புகள் வரிவரியாக இருந்தன. “இதுதான் தம்பி எங்க டிராக்கு. ஓடுறப்ப ஓட விடு, நிக்கிறப்ப இழு” என்றார். அன்றிலிருந்து மீன் மாட்டிய பிறகு டிராக் குமிழை நான் தொடுவதே இல்லை. தூண் பக்கம் போனால் ஸ்பூல் விளிம்பில் விரலை லேசாக வைத்து அழுத்துவேன், அவ்வளவுதான்.

உங்கள் ஹெவி ராடை விற்றுவிடாதீர்கள். அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய ஏரியில் விராலுக்கு ரப்பர் தவளை போட அதைவிடப் பொருத்தமான ராடு கிடையாது. பின்னாளில் ஒரு பெயிட்காஸ்டிங் ரீலும் 50 பவுண்டு பிரெய்டும் வாங்கிக்கொள்ளுங்கள். தவளையும் கனமானதாக, அந்த ராடின் கீழ் அளவை ஒட்டியதாகப் பாருங்கள். அங்கே வேலை தூரம் வீசுவதில்லை, மாட்டிய விராலைச் செடிக்குள் புகவிடாமல் வெளியே இழுப்பது. ஏரிகளில் மீன்பிடிக் குத்தகை இருக்கும், முதலில் கேட்டுக்கொண்டு போடுங்கள். குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலை மட்டும் விட்டுவிடுங்கள், அது காவல் காக்கிறது.

கொடுவாவிலும் பெரியதை விட்டுவிடச் சொல்வேன். அது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுகிற மீன், ஆகவே பெரியவை பெரும்பாலும் சினை சுமக்கும் பெண் மீன்கள். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான் 1997-இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்தது. அவ்வளவு உழைப்பு கேட்ட காரியத்தை முகத்துவாரத்தில் அந்தத் தாய் மீன் தானே செய்கிறது. அடையாற்றிலோ கூவத்திலோ பிடித்ததைச் சாப்பிடவும் வேண்டாம், அது சாக்கடைத் தண்ணீர்.

எண்ணூர் பக்கம் போனால் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராடைத் தூக்குங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். வடகிழக்குப் பருவமழையில் இடி கேட்டதும் ராடை மடக்கிவிட வேண்டும்.

மீனைக் கரையேற்றும்போது ராடை நட்டுக்குத்தலாக நிமிர்த்தித் தூக்காதீர்கள், நுனி அங்கேதான் ஒடியும். கைவலை வைத்துக்கொள்ளுங்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீலின் மேல் குழாய்த் தண்ணீரை மெல்லிசாக ஓடவிட்டுத் துடையுங்கள், காய்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். அடுத்த முறை போகும்போதும், ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும், லீடரின் கடைசி ஒரு ஜாணை விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பாகப் பட்டால் அந்த இடம் வரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.