ப்ராக்ஸ்மாக்ஸ் 9 பீட்டாவிலிருந்து ஸ்டேபிளுக்குப் போக, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டுமா?

வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே, சோதனைப் பதிப்பான பீட்டாவிலிருந்து இறுதிப் பதிப்பான ஸ்டேபிளுக்கு வந்துவிடலாம். ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரே சர்வரில் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்ட உதவும் மென்பொருள். 2025 ஜூலையில் பீட்டா ஐஎஸ்ஓவைப் போட்டு மூன்று விஎம் ஓட்டுகிறேன், ஒன்றில் கடைக் கணக்கு இருக்கிறது, இப்போது 9.0 வந்துவிட்டதே, ஃபார்மட் அடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பீட்டாவை வெளியிட்டபோதே, பின்னால் ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவி அப்டேட் செய்யும் கருவி) வழியாக ஸ்டேபிளுக்கு வரலாம் என்று ப்ராக்ஸ்மாக்ஸ் தரப்பில் சொல்லியிருந்தார்கள்.

ஏன் முடிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது டெபியன் என்ற லினக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் பேக்கேஜ்களின் தொகுப்புதான். டெபியனில் பதிப்பு எண்ணுக்குள் டில்டே என்கிற அலைக்குறி வந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அலைக்குறி ஒட்டிய 9.0.0, வெறும் 9.0.0-ஐ விடச் சின்னது. அதனால் பீட்டா பேக்கேஜ் இருக்கும் இடத்துக்கு ஸ்டேபிள் பேக்கேஜ் வரும்போது, ஆப்ட் அதைச் சாதாரண அப்டேட்டாகவே எடுத்துக்கொள்ளும். 8-லிருந்து வருகிறவர்களுக்குத்தான் பெரிய தாண்டல். அவர்கள் ‘பிவிஇ8டு9’ என்ற சோதனை ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, டெபியன் 12-லிருந்து 13-க்கு மாற வேண்டும். நீங்கள் அந்தப் பள்ளத்தை ஏற்கனவே தாண்டிவிட்டீர்கள்.

அப்படியானால் எங்கே சறுக்கும்? ரெப்போவில், அதாவது ஆப்ட் பேக்கேஜ்களை எடுத்துவரும் கிடங்கில். 2023-ல் நான் அங்கேதான் சறுக்கினேன்.

அந்த வருடம் ஜூன் மாதம் 8.0 பீட்டா வந்தவுடன், அலுவலகத்தில் சும்மா இருந்த ஒரு சர்வரில் போட்டுப் பார்த்தேன். ஜூன் 22 அன்று ஸ்டேபிள் வந்தது. அப்டேட் கொடுத்தேன், அலைக்குறி போய் வெறும் எண் வந்தது, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அடுத்த மாதமே இரண்டு முக்கியமான விஎம்களை அதற்கு மாற்றினேன். நான்கு மாதம் கழித்து வேறு ஏதோ வேலையாக ரெப்பாசிட்டரிஸ் பக்கத்தைத் திறந்தால், டெஸ்ட் ரெப்போ இன்னும் டிக் அடித்தபடியே இருக்கிறது. அதாவது அந்த நான்கு மாதமும், சோதனைக்காக முதலில் விடும் பேக்கேஜ்களைத்தான் அந்தச் சர்வர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எதுவும் உடையவில்லை. ஆனால் அலுவலகத்தின் கோப்புகள் முழுவதும் அதில் இருந்தன என்பதை நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

பேக்கேஜ்கள் முதலில் டெஸ்ட் ரெப்போவுக்கு வரும், அங்கே தேறியது சந்தா இல்லாதவர்களுக்கான நோ-சப்ஸ்கிரிப்ஷனுக்கு, இன்னும் பொறுத்து சந்தாக்காரர்களுக்கான என்டர்பிரைஸுக்கு. திரையில் 9.0 என்று தெரிந்தாலும் டெஸ்ட் ரெப்போவை விடாதவரை நீங்கள் பீட்டாக்காரர்தான். ஆகவே ப்ராக்ஸ்மாக்ஸின் வெப் பக்கத்தில், இடது பக்கம் நோடைச் (உங்கள் சர்வரின் பெயர்) சொடுக்கி, அப்டேட்ஸுக்குக் கீழே ரெப்பாசிட்டரிஸ் போய், டெஸ்டை முடக்குங்கள். சந்தா இல்லையென்றால் நோ-சப்ஸ்கிரிப்ஷனைச் சேருங்கள். உற்பத்திச் சூழலுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வரும். உங்களைப் போன்ற ஒற்றைச் சர்வருக்கு, பேக்கப் ஒழுங்காக இருந்தால், அது போதும் என்பது என் கருத்து. சந்தா இல்லாமல் என்டர்பிரைஸை இயக்கி வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் 401 என்று பிழை வரும், அதையும் முடக்கிவிடுங்கள்.

டெஸ்டை முடக்கினாலும், அதிலிருந்து ஏற்கனவே வந்துவிட்ட புதிய பேக்கேஜ் ஒன்றிரண்டு அப்படியே நிற்கும். ஆப்ட் தானாகப் பின்னுக்கு இறக்காது. நீங்களும் பிடித்து இழுத்து இறக்க வேண்டாம். கொஞ்ச நாளில் நோ-சப்ஸ்கிரிப்ஷனிலேயே அதைவிடப் புதியது வந்து சமமாகிவிடும்.

கை வைப்பதற்கு முன் பேக்கப். மூன்று விஎம்மையும் அதே சர்வரின் வட்டில் பேக்கப் எடுத்து வைத்தால் அது பேக்கப் ஆகாது, வெளியே ஒரு வட்டிலோ நாஸிலோ (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) இருக்க வேண்டும். கணக்கு இருக்கும் விஎம்மை வேறு எண் கொடுத்து ஒரு தடவை மீட்டுப் பாருங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் அதன் நெட்வொர்க்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். அப்புறம் ‘இடிசி’க்குள் இருக்கும் ‘பிவிஇ’ ஃபோல்டரையும் தனியாக நகலெடுங்கள். விஎம்களின் அமைப்புகள் எல்லாம் அங்கேதான் தெரியும், ஆனால் அது வட்டில் உண்மையாக இருக்கும் ஃபோல்டர் இல்லை. ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பிலிருந்து சர்வர் ஓடும்போது மட்டும் விரித்துக் காட்டப்படுவது. சர்வர் படுத்த பிறகு வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தால் அந்த ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும்.

இப்போது அப்டேட். வெப் பக்கத்தில் இருக்கும் ஷெல்லில் செய்யாதீர்கள், பாதியில் அந்தச் சேவையே மறுபடி துவங்கும், உங்கள் திரை அறுந்துவிடும். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் போய், இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாத டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். முதலில் ‘ஆப்ட் அப்டேட்’, அடுத்து ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. ஃபுல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வெறும் அப்கிரேட், எந்தப் பேக்கேஜையும் நீக்கத் துணியாது. அதனால் சிலதை ஏற்றி, சிலதை அப்படியே நிறுத்தி வைத்துவிடும். ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த அரைகுறை நிலை ஆபத்தானது.

என்டர் தட்டும் முன் பட்டியலைப் படியுங்கள். அது நீளமாக இருக்கும், பதற வேண்டாம். பீட்டா வந்தது 2025 ஜூலை 17, ப்ராக்ஸ்மாக்ஸ் 9.0 வந்தது ஆகஸ்ட் 5, அடியில் இருக்கும் டெபியன் 13 அதிகாரபூர்வமாக வந்தது ஆகஸ்ட் 9. நீங்கள் நிறுவிய நாளில் மேலே இருந்தது மட்டுமல்ல, அடித்தளமும் சோதனையில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி: நீக்கப்படும் பேக்கேஜ்களில் ‘ப்ராக்ஸ்மாக்ஸ்-விஇ’ இருக்கிறதா? இருந்தால் உடனே ‘இல்லை’ சொல்லி வெளியே வாருங்கள். ரெப்போ தப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்க விட்டால் ப்ராக்ஸ்மாக்ஸே போய்விடும்.

நடுவில் சில அமைப்புக் கோப்புகளைக் காட்டி, புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். நீங்கள் கை வைக்காத கோப்பு என்றால் புதியது. எஸ்எஸ்எச் அமைப்பில் ஏதாவது மாற்றியிருந்தால் ‘டி’ தட்டி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முடிந்ததும் ரீபூட். இதைச் சர்வர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். 2021-ல் 6-லிருந்து 7-க்குப் போனபோது வீட்டிலிருந்தபடி இரவு பதினொரு மணிக்கு ரீபூட் கொடுத்தேன். பிங் திரும்பவே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய், காவலாளி அண்ணனை எழுப்பி, மானிட்டரும் கீபோர்டும் தேடி மாட்டினால், சர்வர் நன்றாக எழுந்து லாகின் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ‘ஐபி ஏ’ அடித்தேன். முன்பு ‘இஎன்பி3எஸ்0’ என்று இருந்த நெட்வொர்க் கார்டு இப்போது ‘இஎன்பி4எஸ்0’. விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. கோப்பில் ஒரு எண்ணை மாற்றி ‘இஃப்ரீலோட்’ கொடுத்தவுடன் பச்சை விளக்கு மினுங்க ஆரம்பித்தது. புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கார்டுகளை வேறு மாதிரி எண்ணினால் இப்படி ஆகும். உங்கள் பீட்டாவும் 9.0-வும் ஒரே 6.14 வரிசைக் கெர்னல் என்பதால் வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் 9-ல் கார்டின் பெயரை ‘நிக்0’ என்று நிரந்தரமாகக் கட்டிப்போட ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 2021-ல் அது இருந்திருந்தால் அந்த இரவு தூங்கியிருப்பேன். இப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ரீபூட்டைத் தள்ளிப்போட வேண்டியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விஎம், பழைய க்யூஎம்யூவிலேயே (விஎம்களை இயக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸுக்குள் போய் ரீஸ்டார்ட் கொடுத்தாலும் மாறாது. ஷட்டவுன் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும், அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ரீபூட் பொத்தானை அழுத்த வேண்டும்.

வட்டுகளை நிர்வகிக்க இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வைத்திருந்தால், சில புதிய வசதிகள் இயக்கப்படவில்லை என்று அது சொல்லக்கூடும். பிழை இல்லை. அவசரப்பட்டுப் பூலை (அதன் வட்டுத் தொகுப்பை) மேம்படுத்தாதீர்கள். மேம்படுத்திய பூலைப் பழைய கெர்னலால் திறக்க முடியாமல் போகலாம், அப்போது பூட் மெனுவில் பழைய கெர்னல் இருந்தும் பயனில்லை.

எல்லாம் எழுந்து கணக்கும் திறந்தால், அன்று இரவே புதிதாக ஒரு பேக்கப் எடுங்கள். பழைய பேக்கப்பை இரண்டு வாரமாவது அழிக்காதீர்கள். நடுவில் எங்கேயாவது நின்றுவிட்டால் திரையில் கடைசியாக வந்த இருபது வரிகளைக் கமென்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.