மதியம் மட்டும் நிற்கும் ஸ்பிண்டில்: டிரைவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பேட்டையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சி.என்.சி. லேத், ஃபானக் கம்பெனி கன்ட்ரோல். காலையில் நன்றாக ஓடுகிறது. மதியத்துக்கு மேல் ஸ்பிண்டில், அதாவது ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் தண்டு, நின்றுவிடுகிறது; அதன் மோட்டாரை ஓட்டும் டிரைவில் 09 என்று அலாரம். அரை மணி நேரம் ஆற விட்டால் மறுபடி ஓடும். மெஷின் முடித்துக் கொடுத்தவர், "டிரைவ் போச்சு, ரீகண்டிஷன் பண்ணினது ஒண்ணு இருக்கு, பழசைக் கொடுத்துட்டு ஒன்றரை லட்சம் தாங்க" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. டிரைவ் போனது என்றால் பெரும்பாலும் மெயினைப் போட்டதுமே பிரேக்கர் விழும். இல்லை, ஸ்பிண்டிலைச் சுற்றச் சொன்ன நொடியில் ஓவர் கரண்ட் காட்டும். வெயில் ஏறும்வரை காத்திருந்து நிற்காது. உங்கள் டிரைவுக்குச் சூடு தாங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த 09 சொல்வதும் இதைத்தான். டிரைவுக்குள் மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் டிரான்சிஸ்டர்கள், சூட்டை இழுத்து வெளியே விடும் ஓர் அலுமினிய ஹீட் சிங்கின் மேல் பதிந்திருக்கும். அது அளவுக்கு மீறிக் கொதித்தால் 09. மோட்டார் சூடானால் 01 வரும். எண்ணைப் பார்க்காமலே ரீசெட் அடிப்பதுதான் நம் பட்டறைகளின் வியாதி. நீங்கள் எண்ணைக் குறித்து வைத்தீர்கள், பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். டிரைவ் இருக்கும் பேனலின் கதவைத் திறந்து வைத்து, எதிரே பெடஸ்டல் ஃபேனைப் போட்டிருக்கிறீர்களா? கங்கைகொண்டான் பக்கம் புதுப் பட்டறைகளில்கூட இந்த வைத்தியம் நடக்கிறது. இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஹீட் சிங்க் இருப்பது டிரைவின் முதுகுப் பக்கம், தனி அறையில். முன்னால் அடிக்கும் காற்று அங்கே நேராகப் போய்ச் சூட்டை ஆற்றாது. ஆனால் கூலன்ட் ஆவியும், வார்ப்பிரும்புத் தூளும், ஆனி ஆடிக் காற்றில் வரும் செம்மண் புழுதியும் தாராளமாக உள்ளே போகும். மூன்றும் சேர்ந்தால் கறுத்த பிசின்தான். அது ஹீட் சிங்கின் இடுக்கை அடைத்து, டிரைவின் சொந்த ஃபேனின் பேரிங்கையும் இறுக்கிவிடும்.

மெயினை ஆஃப் செய்யுங்கள். டிரைவில் சார்ஜ் என்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அது முழுக்க அணைந்து, அதற்கு மேலும் பத்து நிமிடம் ஆகட்டும். 200 வோல்ட் டிரைவாக இருந்தாலும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் டி.சி. நிற்கும், விளையாட்டு இல்லை. பிறகு ஃபேன் இறக்கையை விரலால் சுண்டுங்கள். நல்ல ஃபேன் நாலைந்து சுற்று சுற்றித்தான் நிற்கும். கரகரவென்று ஒரு சுற்றிலேயே நின்றால் அதுதான் குற்றவாளி. இடுக்குகளைப் பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரசர் காற்றை அடித்தால் தண்ணீரும் எண்ணெயும் எலெக்ட்ரானிக் கார்டு மேல் போய் உட்காரும்.

ஃபேன் வாங்கும்போது ஒரு கவனம். பல மாடல்களில் இந்த 24 வோல்ட் ஃபேனுக்கு மூன்று வயர். மூன்றாவது வயர், ஃபேன் சுற்றுகிறதா என்று டிரைவுக்குச் சொல்வதற்கு. கடையில் கிடைக்கும் இரண்டு வயர் ஃபேனை மாட்டிவிட்டு, அலாரம் வராமல் இருக்க அந்த வயரை வேறெங்காவது முறுக்கிவிடும் எலெக்ட்ரீசியன்கள் உண்டு. அடுத்த முறை ஃபேன் நின்றால் டிரைவுக்குத் தெரியாது, நிஜமாகவே வெந்துபோகும்.

ஃபேன் சரியாக இருந்தும் 09 வந்தால், ஸ்பிண்டில் கனமாகச் சுற்றலாம். மெயின் ஆஃபில், ஜாப்பைப் பிடிக்கும் 'சக்'கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டலாம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில மெஷின்களில் வேகத்தைப் பார்க்கும் பொசிஷன் கோடர் (என்கோடர்) மோட்டாரில் இல்லாமல் ஸ்பிண்டில் பக்கம் இருக்கும். பெல்ட் இல்லாதபோது மோட்டார் சுற்றும், ஸ்பிண்டில் நிற்கும், கன்ட்ரோல் வேகம் வரவில்லை என்று காத்துக்கொண்டே இருக்கும், அல்லது வேறொரு அலாரம் போடும். அது புதுக் கோளாறு இல்லை. நீங்கள் பெல்ட்டைக் கழற்றியதால் வந்தது. அதைக் காட்டி "என்கோடரும் போச்சு" என்று பில் போடுவார்கள். எம்.டி.ஐ.யில், அதாவது கட்டளையைக் கையால் அடித்துக் கொடுக்கும் முறையில், 300 ஆர்.பி.எம். கொடுத்து, மோட்டார் சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

வோல்டேஜையும் ஒருமுறை மூன்று பேஸிலும், ஸ்பிண்டில் வேகம் எடுக்கிற அந்த நேரத்தில், பாருங்கள். மெயின் சுவிட்ச் டெர்மினலில் ஸ்க்ரூ லூசாகிக் கறுத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

உங்கள் புரோக்கர் விஷயத்துக்கு வருவோம். "பழசைக் கொடுங்க" என்ற வார்த்தையில்தான் அவருடைய லாபம். உங்கள் டிரைவைக் கொண்டுபோய் ஃபேனை மாற்றிக் கழுவித் துடைத்தால் அதுவே அடுத்தவருக்கு 'ரீகண்டிஷன்' டிரைவ். உங்களுக்கு வருவது எந்த ஊர்ப் பட்டறையில் கழற்றியதோ. லேபிளில் உள்ள நம்பரில் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகாமல், உருவம் ஒன்றுபோல இருக்கிறது என்று மாட்டினால், உங்கள் மோட்டாருக்கும் அதற்கும் ஒத்துவராது.

இதையெல்லாம் மெஷின் விற்கும்போதே சொல்லித் தர என்ன கேடு என்று எனக்குப் புரிவதே இல்லை. அலாரம் எண்களுக்கு அர்த்தம் சொல்லும் புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் படித்து வரும் பிள்ளைக்கு ப்ரோகிராம் போடத் தெரிகிறது, பேனலைத் திறக்கத் தெரியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும் வரை மெஷின் சும்மா கிடக்கிறது, பேங்க் தவணை கிடக்குமா?

முதலில் ஃபேனையும் பேனல் ஃபில்டரையும் மாற்றி, பேனலை மூடி ஓட்டுங்கள். ஸ்பிண்டில், வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் மதியம் அந்த அலாரம் மறுபடி வந்தால் மட்டும் டிரைவை ரிப்பேருக்கு அனுப்புங்கள். அதுவும் உங்கள் டிரைவையே சரிசெய்து தருபவரிடம். சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, டெலிவரி சலானில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு முன் மெஷினின் பாராமீட்டர் (செட்டிங் எண்கள்) முழுவதையும் மெமரி கார்டில் நகல் எடுத்து, பட்டறையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.