கைப்பிடிச் சுவரின் நிழலும் மஞ்சள் கறிவேப்பிலையும்

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். மாடியில் இருபது தொட்டிகள். புரட்டாசியில் செழிப்பாக இருந்த தோட்டம் மார்கழி பிறந்ததும் களையிழந்துவிட்டது. கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. குண்டுமல்லியில் ஒரு மொட்டுகூட இல்லை. ஆவணியில் விதைத்த வெண்டையின் இலைகளில் வெள்ளைப் பொடி, அவரைப் பிஞ்சுகளில் கறுப்புப் பூச்சி. தினமும் காலை, மாலை தண்ணீர் விடுகிறேன். மண்புழு உரமும் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு என்ன உரம் போடலாம்?

பதில்: இப்போதைக்கு எந்த உரமும் வேண்டாம். முதலில் அந்த மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாடிக்குப் போய் உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும், நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். டிசம்பர் 21, 22 வாக்கில் அப்படி இல்லை. சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலில்கூட சுமார் 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் அந்த நேரத்திலேயே இரண்டடிக்கு மேல் மாடிக்குள் விழுகிறது, காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். கோடையில் முழு வெயில் வாங்கிய தெற்குச் சுவரோரத் தொட்டிகள் இப்போது பகல் முழுக்க நிழலில் நிற்கின்றன. பகலே சுமார் 11 மணி 20 நிமிடம்தான். வெயில் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். நீங்கள் மட்டும் சித்திரையில் ஊற்றிய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்!

தெற்குச் சுவரோரம் இருப்பவற்றை மூன்றடி உள்ளே நகர்த்துங்கள், அல்லது வடக்குச் சுவரோரம் கொண்டுபோய் வையுங்கள். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு. தென்னைநார்க் கழிவு கலந்த கலவை என்றால் மேலே பார்த்து ஏமாறாதீர்கள். மேல்பக்கம் வெளுத்துக் காய்ந்திருக்கும், உள்ளே பிழிந்தால் சொட்டும். பெரிய தொட்டிகளுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை விட்டாலே பெரும்பாலும் போதும்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். குளிர்மாதங்களில் அது பாதித் தூக்கத்தில் இருக்கிற செடி. கொஞ்சம் பழுத்து உதிர்வது இயல்புதான். ஆனால் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலைகள் என்றால் தழைச்சத்துக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியிலிருந்த சத்தை அடித்துளை வழியாகக் கழுவிக்கொண்டு போயிருக்கும். நுனியில் புதுத்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். வேர் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தாலும் இப்படி ஆகும். எதுவானாலும் அவசரப்பட்டு உரத்தைக் கொட்டிப் பயனில்லை. மண் குளிர்ந்திருக்கும்போது நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும், உங்கள் மண்புழு உரமும் மெதுவாகத்தான் கரையும். புளித்த மோர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் தொட்டியில் அதையும் ஊற்றினால் நாற்றம்தான் மிச்சம். மாசி பாதியில் வெயில் உறைக்கத் தொடங்கியதும் நுனிகளைக் கிள்ளிவிட்டு, மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரம் இடுங்கள். அதுவரை சமையலுக்குப் பறித்தால் பக்கத்து ஈர்க்குகளை மட்டும் எடுங்கள். நானும் ஒரு மார்கழியில் பாசத்தில் கறிவேப்பிலையைத் தொட்டி மாற்றி வைத்தேன். பொங்கலுக்குள் குச்சியாகிவிட்டது.

குண்டுமல்லி பூக்காததற்குக் கவலையே வேண்டாம், இது அதன் ஓய்வுக்காலம். இந்த மாதங்களில் பூக்கடையில் மல்லிகை விலை ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. செய்ய வேண்டியது கவாத்து. நவம்பர் கடைசி வாரம்தான் சரியான காலம். நீங்கள் செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். சில நாள் தண்ணீர் விடாமல் காயப்போட்டு, மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூரான கத்தரியால் எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். நோஞ்சான் குச்சிகளையும் மிச்ச இலைகளையும் எடுத்துவிட்டு நல்ல வெயிலில் வையுங்கள். உரம் வேண்டாம் என்றேனே, அதற்கு விதிவிலக்கு இந்தத் தொட்டி ஒன்றுதான்: கவாத்து முடிந்ததும் இரண்டு கை தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். துளிர்த்து, மார்ச்சில் மொட்டு வைக்கும். வைத்து ஒரு வருடம்கூட ஆகாத செடியை இப்படி ஒட்ட வெட்டாதீர்கள், நுனி கிள்ளினால் போதும். முல்லை வைத்திருந்தால் அதற்குக் கவாத்து ஜனவரி கடைசியில்.

வெண்டையில் இருப்பது சாம்பல் நோய். இலை நனைந்தால்தான் இது வரும் என்பதில்லை. குளிர்ந்த இரவும் ஈரக்காற்றும் இருந்தாலே பரவும். மருந்து தேட வேண்டாம். ஆவணியில் போட்ட வெண்டை தன் காலத்தை முடித்துவிட்டது. பிடுங்கி, கம்போஸ்ட் தொட்டியில் போடாமல் குப்பையோடு அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் செடிகளில் லேசாகத் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, செடிகளைத் தள்ளித்தள்ளி வையுங்கள். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். பொங்கல் முடிந்ததும் பனி போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள்.

அவரையில் இருப்பது அசுவினி. பகல் சுருங்கினால் பூக்கிற நாட்டு அவரைக்கு இதுதான் காய்ப்புக் காலம், அசுவினிக்கும் இதுதான் விருந்துக் காலம். இதில் பெண் பூச்சி துணையில்லாமலேயே குட்டி போடும், அதனால்தான் நான்கு நாளில் கொடி கறுத்துவிடுகிறது. காலையில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சி அடித்து உதிர்த்துவிடுங்கள். மிஞ்சியதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையும் அளவுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம். எறும்பு வரிசை கட்டி ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். முதலைக்குட்டி மாதிரி கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்ன வந்தது. அது நிறைய இருக்கும் கொடிக்கு மருந்தே அடிக்க வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பரங்கிக் கொடி இருந்தால் கோலத்துச் சாண உருண்டையில் வைக்கத் தாராளமாகப் பூப் பறிக்கலாம், ஆண் பூவாகப் பார்த்துப் பறித்தால் காய் குறையாது. பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, விட்டுவிடுங்கள். மகரந்தத்துக்கு இரண்டு மூன்று ஆண் பூவையும் மிச்சம் வையுங்கள்.

வெண்டை பிடுங்கிய தொட்டியில் கொத்தமல்லி போடுங்கள். தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முளைக்கப் பத்து நாள்கூட ஆகலாம், பொறுங்கள். தைப்பட்டத்துக்குக் கத்தரி வேண்டுமென்றால் குழித்தட்டில் இப்போதே விதைத்துவிடுங்கள். நாற்று தயாராக ஒரு மாதம் ஆகும்.