பாட்டு எழுதுவது நான்தான்; குழுவில் மற்றவர்கள் ராயல்டியில் சம பங்கு கேட்டால் கொடுக்க வேண்டுமா?

பத்து வருடமாக ஒரே ராக் குழு, நாலு பேர். மெட்டும் வரிகளும் உங்களுடையவை. இப்போது மற்ற மூவரும் பங்கு பேசுகிறார்கள், இது பேராசை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் உங்கள் இடத்தில் இருந்தவன். பதினாலு வருடம் கிட்டார் வாசித்தேன், பாட்டு எழுதினேன், பாட்டின் உரிமை யாருக்கு என்று பதியும் படிவத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். அதனால் பேராசை யாருக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

மேடைக் காசில் பெரும்பாலும் சண்டை வராது, அன்றைக்கே பிரித்துவிடுவோம். சண்டை ராயல்டியில்தான், அதாவது பாட்டின் உரிமைக்காக வரும் காசில். ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, வரிக்கும் மெட்டுக்கும் தனியாக இன்னோர் உரிமை. இந்த இரண்டாவதில் படிவத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் காசு. குழு கலைந்த பிறகும் வந்துகொண்டிருக்கும் காசு அது. டிரம்மர் பாட்டுக்கு உயிரே கொடுத்திருக்கலாம். உயிருக்கென்று படிவத்தில் கட்டம் கிடையாது.

குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இது எவ்வளவு தமாஷாகப் போனது என்று பாருங்கள். 1975-இல் 'போஹீமியன் ராப்சடி' இசைத்தட்டு வந்தபோது அதன் பின்பக்கத்தில் இருந்தது டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதிய கார் பாட்டு. தட்டு விற்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே ராயல்டி. முன்பக்கத்தை எழுதிய ஃபிரெடி மெர்க்குரிக்குச் சமமாகக் கார் பாட்டுக்கும் காசு கொட்டியது. யார் பாட்டு எங்கே போகும் என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடி, 1989-இல் வந்த ஆல்பத்தில்தான் எல்லாப் பாட்டுக்கும் 'குவீன்' என்று பொதுப்பெயர் போட்டார்கள்.

புரோகோல் ஹாரம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் கதை அவ்வளவு சிரிப்பானதல்ல. 1967-இல் வந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டைக் கேட்டவர் முதலில் முணுமுணுப்பது ஆர்கன் இசையைத்தான். அதை வாசித்த மேத்யூ ஃபிஷரின் பெயர் பாட்டில் இல்லை. குழுவை விட்டுப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். 2005-இல் வழக்கு. நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருடையது என்றது. மேல்முறையீட்டில் காசு போனது. 2009-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருப்பிக் கொடுத்தது. அதுவும் வழக்குப் போட்ட பிறகு வந்த காசில்தான் பங்கு, பழைய காசில் ஒன்றும் இல்லை.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் டிரம்மர் ஞாபகம்தான் வந்தது. மெதுவான ஒரு பாட்டைக் கொண்டுபோனேன். இரண்டு தடவை கேட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்னேர் டிரம் மேல் போட்டான். ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தான். பாட்டு கால் தடுக்கி, விழாமல் முன்னே ஓடுவது போல ஆகிவிட்டது. நான் சிரித்தேன். அப்புறம் மேடையில் நான் வாய் திறப்பதற்கு முன்பே, அந்த விட்டுப்போன அடியில் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது.

ஒரு விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். எட்டு விநாடிதான் எடுத்தார்கள். என் குரல் வருவதற்குள் விளம்பரமே முடிந்துவிடும். எட்டு விநாடியும் அவன் டிரம்ஸ். ஒலிப்பதிவுக் காசை நாலாகப் பிரித்தோம், பாட்டுக் காசு முழுக்க என் கணக்குக்கு வந்தது. அவன் போன் செய்து "விளம்பரம் நல்லா இருக்குடா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

உங்களுக்கு என் அபிப்பிராயம்: பாட்டு உருவாகும்போது அந்த அறையில் இருந்தவர்களுக்குப் பங்கு கொடுங்கள். சமமாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அது நியாயமான கணக்கு என்று சொல்ல மாட்டேன், குழுவை ஓட்டுவதற்கான செலவு, அவ்வளவுதான். ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழு ஆரம்பத்திலிருந்தே நாலு பேர் பெயரையும் சேர்த்துத்தான் போட்டது; 1997-இல் டிரம்மர் விலகியபோதும் நண்பராகவே போனார். சமம் வேண்டாம் என்றால், எவ்வளவு என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள், பயிற்சியில் போனில் பதிவு செய்ததையும் அழிக்காதீர்கள். 'எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்பது நீதிமன்றத்தில் நிற்காது. தி ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் டிரம்மருக்குப் பத்து சதவீதம்தான் கொடுத்து வந்தார்கள். அதற்குத் தான் ஒப்புக்கொண்டதே இல்லை என்று அவர் வழக்குப் போட, 1996-இல் இருபத்தைந்து சதவீதம் என்று தீர்ப்பானது. அடிப்படை பிரிட்டனின் 1890-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம்: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு. அது பாட்டு எழுதிய காசு இல்லை, ஒலிப்பதிவுக் காசு. ஆனாலும் கவனிக்க வேண்டியது.

விளம்பரம் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. திருத்தப் படிவத்தில் அவன் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தான். கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிவிட்டு, "சரி, அந்த மழைப் பாட்டு?" என்றான். அதில் அவன் என்ன செய்தான் என்பதே எனக்கு நினைவில்லை. பழைய பதிவைத் தேடி எடுத்து இருவரும் உட்கார்ந்து கேட்டோம். நடுவில் திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் துண்டை, அந்த ரிஃபை, முதலில் வாயால் பாடிக் காட்டியது அவன் குரல்.

எத்தனை சதவீதம் என்பதில் இன்னும் முடிவாகவில்லை.