ரப்பர் விலை ஏறுகிறது, பில் பணம் வரவில்லை: கன்சல்டன்ட்டை நம்பலாமா?

கேள்வி: கடலூர் சிப்காட் பக்கம் எட்டுப் பேரை வைத்து ரப்பர் புஷ், கேஸ்கெட் செய்கிறேன். ரப்பர் விலை ஏறினாலும் கம்பெனி பழைய ரேட்தான் தருகிறது. பில் பணம் வர நான்கு மாதம் ஆகிறது. 12,000 ரூபாய் கொடுத்தால் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சான்றிதழ் எடுத்து, பழைய பாக்கியையும் வட்டியோடு வசூலித்துத் தருவதாகப் புதுச்சேரி கன்சல்டன்ட் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழைத் தரும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் நீங்களே ஆன்லைனில் செய்துவிடலாம். அரசுத் தளம் போலவே வேஷம் போட்டுப் பணம் கேட்கும் தளங்களும் உண்டு, முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடுமாறினால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

பழைய பாக்கி விஷயத்தில்தான் அவர் உங்களை ஏமாற்றுகிறார். பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு, தாமதமான பணத்துக்கு வட்டி கேட்க வழிசெய்யும் எம்எஸ்எம்இ சட்டத்தின் பலன் கிடையாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் இன்னொரு அமர்வு அதைச் சந்தேகித்து, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதாவது, பழைய பில்லுக்கு வட்டி உறுதி என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவு செய்தபின் போகும் சரக்குக்குப் பிரச்சினை இல்லை: 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இந்தப் புகார்களை விசாரிக்கும் அரசுக் கவுன்சில் 90 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று சட்டம் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டது, வருடக்கணக்கில் இழுக்கிறார்கள்.

அதனால் முதலில் வருமான வரி விதியைக் கம்பெனியிடம் எடுத்துக் காட்டுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, தரும் வரை வாங்குபவர் செலவாகக் காட்ட முடியாது. 2024 ஏப்ரலில் வந்த விதி இது. உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். மார்ச் நெருங்கினால் அவர்கள் ஆடிட்டரே உங்களைத் தேடுவார்.

அப்புறம் ரேட். 2024 ஆகஸ்டில் கோட்டயம் சந்தையில் ஆர்எஸ்எஸ்-4 ரக இயற்கை ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதி செய்தாலும் கிலோவுக்கு 30 ரூபாய் வரை வரி. ஆனால் புஷ் செய்யும் கலவையில் (காம்பவுண்ட்) ரப்பர் ஏறக்குறையப் பாதிதான். மீதி கார்பன் பிளாக், எண்ணெய் வகையறா. ரப்பர் 20 ரூபாய் ஏறினால் காம்பவுண்ட் 10 ரூபாய் ஏறும். கம்பெனியிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். விலை இறங்கினால் நீங்களும் குறைப்பதாக, கோட்டயம் விலையை ஒட்டிய ஒரு வரியை அடுத்த பர்சேஸ் ஆர்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரில் செய்யும் கேஸ்கெட்டுக்கு இது பொருந்தாது. அதைத் தனியாகப் பேசுங்கள்.