கிண்ணியாவில் நட்ட கண்டல் ஏன் பட்டுப்போகிறது?

வணக்கம். களப்போரம் நட்ட 200 கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) நாற்றில் பாதிக்கு மேல் பட்டுவிட்டது, தண்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அந்த வெள்ளை கொட்டலசு, ஓடுள்ள சின்னக் கடல் உயிரி. நாற்று தேவைக்கு மேல் நேரம் தண்ணீருக்குள் நிற்கிறது என்பதற்கு அது அடையாளம். கண்டலின் வேர் மூச்சுவிட வேண்டும். வற்று நேரத்தில் சேறு வெளியே தெரிகிற மேட்டில்தான் அது பிழைக்கும். திருகோணமலைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் அந்த மேடு ஒரு ஒடுங்கிய பட்டைதான். இரண்டு எட்டுத் தள்ளி நட்டாலே தப்பாகிவிடும்.

இனி நடுவதற்கு முன் கரையோரம் நடந்து பாருங்கள். தானாக முளைத்த கன்று எங்கே நிற்கிறதோ அதே மட்டத்தில் நடுங்கள். பென்சில் மாதிரி வேர்கள் சேற்றிலிருந்து குத்திட்டு நின்றால் அது கண்ணா, சேற்றில் வளரும் வேறொரு மரம். இலையைத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்த இடத்தில் கண்ணாவையே விடுங்கள், கண்டலைத் திணிக்க வேண்டாம். அங்கே வளரும் தில்லை மரத்தை மட்டும் ஒடிக்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

அப்புறம், ஆடு மாடு வருகிற இடமா? அப்படியென்றால் முதலில் வேலி.